ஊமன் ஏரிக்கரையில் அண்ணனும் நானும்

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த இரவில் நான் செய்த பொருத்தனை இது. அவர் பிழைத்து எழுந்தால், அடுத்த ரோஷ் ஹஷானாவுக்கு, எங்கள் யூதப் புத்தாண்டுக்கு, உக்ரைனின் ஊமன் நகரில் இருக்கும் யூத மகான் ரெபி நாக்மனின் கல்லறைக்கு வருவேன் என்று வேண்டியிருந்தேன். கண் விழித்த அம்மா அதைக் கேட்டுவிட்டு, "தனியாகப் போகாதே, அண்ணனையும் அழைத்துக்கொண்டு போ" என்றார். வீட்டுப் பங்கீட்டில் மனம் கசந்து நாங்கள் இருவரும் ஏழு ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளவில்லை.

2025 செப்டம்பரில் புறப்பட்டோம். போரினால் உக்ரைனுக்கு விமானம் கிடையாது. மால்டோவாவில் இறங்கிப் பேருந்தில் எல்லையைக் கடக்க வேண்டியிருந்தது. எல்லையில் இரவெல்லாம் காத்திருந்த களைப்பைவிட, பேசிய கட்டணத்தை நடுவழியில் இரட்டிப்பாக்கிய ஓட்டுநரும், ஒரு கட்டிலுக்கு ஓர் அறையின் வாடகையைக் கேட்ட தரகரும்தான் மனத்தைப் புண்படுத்தினார்கள். புண்ணியம் தேடி வருகிறவனிடம் இப்படிப் பறிப்பது பெரும் பாவம்.

கல்லறையில் நெரிசல் மூச்சை அடைத்தது. தம்மிடம் வந்து, தர்மக்காசு கொடுத்து, தாம் குறித்த பத்துச் சங்கீதங்களையும் சொல்கிறவனைக் கிருதா மயிரைப் பிடித்தாவது நரகத்திலிருந்து இழுத்துவிடுவேன் என்று 1810இல் மறைந்த அந்த மகான் வாக்களித்திருக்கிறார். காசைப் போட்டோம், தள்ளப்பட்டுக்கொண்டே பத்தையும் சொல்லி முடித்தோம்.

முதல் நாள் பிற்பகல் தொழுகை முடிந்ததும், பாவங்களை நீரில் எறிந்துவிடுவதன் அடையாளமான தஷ்லிக் சடங்குக்காகக் கூட்டம் முழுவதும் ஏரியை நோக்கி இறங்கியது. சிலர் ரொட்டித் துணுக்குகளை நீரில் எறிந்தார்கள். அது எனக்கு உவப்பில்லை. பண்டிகை நாளில் மீனுக்கு ரொட்டி போடுவதை 1427இல் மறைந்த யூதச் சட்ட அறிஞர் ரெபி யாக்கோவ் மோலினே தடுத்திருக்கிறார். மகனைப் பலியிட ஆபிரகாம் மோரியா மலைக்குப் போன வழியில் சாத்தான் ஆறாகக் குறுக்கிட்டதையும், கழுத்துவரை நீர் ஏறியும் அவர் திரும்பாததையும் இந்தச் சடங்குக்குக் காரணமாகச் சொன்னவரும் அவரே.

அந்தச் சடங்கில் சொல்லும் மீகா தீர்க்கதரிசியின் வசனத்தைத் தொடங்க வாய் திறந்தேன்; சொல் எழவில்லை. எங்கள் பாவங்களைக் கடலின் ஆழத்தில் எறிந்துவிடும் என்று எந்த முகத்தோடு கேட்பேன்? மனிதனுக்கு மனிதன் இழைத்த தீங்கை, இழைத்தவன் நேரில் சென்று சமாதானம் செய்யும்வரை பாவநிவாரண நாளான யோம் கிப்பூர்கூடப் போக்காது என்பது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் தீர்ப்பு. தீங்குக்கு ஆளானவரோ என் தோளை இடித்துக்கொண்டு நின்றார். "அண்ணா, என்னை மன்னித்துவிடுங்கள்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. தம் ஜெபநூலை எனக்கும் தெரியும்படி சாய்த்து, எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த நாள்களில் செய்ததைப் போலவே, வரியின் மேல் விரலை வைத்தார். அந்த விரல் நகர நகர நான் படித்தேன். பின்பு இருவரும் அங்கியின் ஓரங்களை நீரின் மேல் உதறினோம். கண்ணீரில் எனக்கு ஏரியே தெரியவில்லை. இரக்கமுள்ளவரே, என் தாயை எழுப்பித் தந்தீர், என் அண்ணனையும் திருப்பித் தந்தீர். உமக்கு நான் எதைத் தந்து ஈடுசெய்வேன்!

புதன் இரவு மூன்று நட்சத்திரங்கள் தெரிந்து பண்டிகை முடிந்த பிறகுதான் அம்மாவை அழைக்க முடிந்தது. நான் பேசத் தொடங்கும் முன்பே தொலைபேசியை அண்ணன் வாங்கிக்கொண்டார். "அம்மா, தம்பி என் பக்கத்தில்தான் இருக்கிறான்" என்றார்.