அடைத்த வாசல்

இன்று காலை ஒலிவ மலையில் ஒரு தாத்தா சட்டைப்பையிலிருந்து கூழாங்கல் ஒன்றை எடுத்தார். கல்லறை மேல் வைத்துவிட்டு அப்படியே நின்றார். யூதர்களுக்குப் பூ வைக்கும் வழக்கமில்லை, கல்தான்.

எதிரே எருசலேம் மதில். அதில் பொன் வாசல். இரட்டை வளைவு, இரண்டையும் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். 1541இல், ஆட்டோமன் சுல்தான் சுலைமான் காலத்தில்.

யூதர்கள் காத்திருக்கும் மீட்பர் மேசியா. அவர் அந்த வழியாகத்தான் வருவார் என்பது யூத மரபு. வந்ததும் முதலில் உயிரோடு எழுந்திருப்பது இந்த மலையில் புதைக்கப்பட்டவர்களாம். இங்கே குழிக்கு அவ்வளவு கிராக்கி.

எங்களோடு வந்த கிறிஸ்தவ அக்கா மெதுவாகச் சொன்னார்: "அவர்தான் கழுதை மேல ஏறி இதே மலையிலருந்து இறங்கிட்டாரே!"

இயேசு எருசலேமுக்குள் வந்த குருத்தோலை ஞாயிறைத்தான் சொல்கிறார். ராஜா கழுதை மேல் வருவார் என்று சகரியா தீர்க்கதரிசி சொன்ன அதே கழுதை.

கிறிஸ்து என்பதே மேசியாவுக்குக் கிரேக்கச் சொல்தான். அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று பொருள். (ஏசாயா தீர்க்கதரிசி அந்தப் பட்டத்தைப் பாரசீக ராஜா கோரேசுக்கே கொடுக்கிறார், அது தனிக்கதை.)

ஆனால் அக்காவும் இரண்டாம் வருகைக்குக் காத்திருப்பவர்தான். தாத்தாவுக்கு 'வருவார்', அக்காவுக்கு 'திரும்ப வருவார்'.

இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். தாத்தா இன்னும் வாசலைப் பார்த்தபடிதான் நின்றார். பக்கத்தில் அக்கா, அவரும் அங்கேயே பார்த்துக்கொண்டு.