றன்னகரத்தில் நாக்கை வைத்தல்

வலது காதுக்குள் வலிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தைப் பத்து நாள் விட்டும் வலி அப்படியே இருந்தது. காதில் குறையொன்றும் இல்லை என்பது, சொத்தைப் பல்லைக் காட்டுவதற்காகப் பல் மருத்துவரிடம் போனபோதுதான் தெரிந்தது. காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். உள்ளே ஒரு குமிழ் நகர்ந்து, பாதி வழியில் 'டக்' என்றது. அதுவே தாடை மூட்டு. அமெரிக்கக் காது மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் இம்மூட்டையும் காது வலியையும் தொடர்புபடுத்தி 1934இல் எழுதியதால் இக்கோளாறு நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கியது. அவர் சொன்ன காரணம் பின்னர் நிலைக்கவில்லை. ஆனால் காதைக் குற்றம் சாட்டிக்கொண்டு வருவோர் இன்றும் குறையவில்லை.

தாடை மூட்டுக்காக நான் போன பிசியோதெரபிஸ்ட் முதலில் என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். வாயைத் திறக்கும்போது தாடை நேராக இறங்காமல் வலப்பக்கம் ஒதுங்கி, 'டக்' என்றதும் நடுவுக்குத் திரும்புவதை அன்றுதான் பார்த்தேன். இந்த மூட்டு கதவுக் கீல்போல் சுழல்வதோடு நிற்காமல் முன்னோக்கி வழுக்கவும் செய்கிறது. இடையிலுள்ள மெல்லிய வட்டு முன்னே நழுவியிருந்தால், எலும்பு அதன்மேல் மீண்டும் ஏறும்போது அந்த ஒலி எழுகிறது என்று அவர் விளக்கினார். முன்பற்களுக்கிடையே அளந்தபோது என் வாய் 31 மில்லிமீட்டர்தான் திறந்தது. பெரியவர்களுக்குப் பொதுவாக 40க்கு மேல் இருக்க வேண்டுமாம்.

பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "இப்போது உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா?" தொட்டுக்கொண்டுதான் இருந்தன. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மற்ற நேரமெல்லாம் உதடு மூடியிருந்தாலும் பற்கள் விலகியிருக்க வேண்டும் என்பதே நான் கற்ற முதற்பாடம். நாக்கின் நுனி மேல்முன்பற்களுக்குப் பின்னால், பல்லைத் தொடாமல் அண்ணத்தில் இருக்க வேண்டும். எனக்கு அது பிடிபடவில்லை. 'பந்து' என்னும்போது நாக்கு பல்லில் முட்டுகிறது, 'கன்னம்' என்னும்போது சற்றுப் பின்னே தள்ளிப்போய் நிற்கிறது, அந்த இடம்தான் என்றார். 'ந' என்னும் தந்நகரம் அல்ல, 'ன' என்னும் றன்னகரம்! பள்ளியில் மனப்பாடம் செய்த எழுத்துப் பிறப்பு இதற்கு உதவும் என்று யார் நினைத்தார்?

நாக்கை அங்கேயே வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறப்பது முதன்மையான பயிற்சி; நாக்கு விலகாதவரை மூட்டு அளவுக்கு மீறி வழுக்காது. தாடையின் கீழ் விரலை வைத்து இலேசாக எதிர்ப்புக் கொடுப்பது, மோவாயைப் பின்னிழுத்துக் கழுத்தை நிமிர்த்துவது ஆகியவையும் இருந்தன. சிலி நாட்டு பிசியோதெரபிஸ்ட் மரியானோ ரொகபாடோ வகுத்த முறையில் ஆறு பயிற்சிகளை ஆறு தடவை, நாளுக்கு ஆறு வேளை செய்ய வேண்டும். ஆறு வேளை எனக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை, நான்குதான். வெந்நீரில் பிழிந்த துணியால் கன்னத்தில் ஒத்தடம் கொடுத்துவிட்டுச் செய்தால் தசை இளகிக் கொடுத்தது.

இடையில் ஒருவர், பற்களை அராவித் தேய்த்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதத்தைச் சரிசெய்துவிடலாம் என்றார். தேய்த்த பல் வளராது என்பதால் மறுத்தேன். அதை இன்றும் சரியான முடிவாகவே கருதுகிறேன்.

ஆறு வாரத்தில் 42 மில்லிமீட்டர் வந்தது. முறுக்கை இப்போதும் உடைத்துத்தான் தின்கிறேன். 'டக்' போகவில்லை; வலியில்லாத ஒலிக்கு வைத்தியம் வேண்டாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டதால், கொட்டாவி வரும்போது மட்டும் நாக்கை றன்னகரத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.