முன்னும் பின்னும் பார்த்துப் படித்தல்

சென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டில் மாலை நேரங்களில் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து நாளிதழ்களும் கதைகளும் படித்து வருகிறேன். தெரியாத சொல் வந்ததும் "அண்ணா, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கும் பிள்ளைக்கு நான் உடனே பொருள் சொல்வதில்லை, அந்த வாக்கியத்தையும் அதைச் சூழ்ந்த வாக்கியங்களையும் மறுபடி படிக்கச் சொல்கிறேன்.

"கொண்டல் வலுத்ததால் படகுகள் கரை திரும்பின; கிழக்கிலிருந்து வீசிய வேகத்தில் வலைகளை உலர்த்தக்கூட முடியவில்லை" என்று ஒரு பத்தி இருப்பதாகக் கொள்வோம். கொண்டல் என்றால் மேகம் என்றும் கீழ்க்காற்று என்றும் அகராதி சொல்லும். இங்கே எது பொருந்தும் என்பதை அது சொல்லாது. 'வலுத்ததால்' என்பது மட்டும் போதாது, ஏனெனில் மழையும் வலுக்கும், காற்றும் வலுக்கும். 'கிழக்கிலிருந்து வீசிய' என்ற தொடரை எட்டும்போதுதான் ஐயம் தீர்கிறது. முதல் குறிப்போடு நின்றுவிடாமல் அடுத்த குறிப்புக்காகக் காத்திருக்கும் இந்தப் பொறுமையைத்தான் பிள்ளைகளுக்குப் பழக்க விரும்புகிறேன்.

இது புதிய முறை அன்று. உரிச்சொற்களின் பொருளை 'முன்னும் பின்னும் வருபவை நாடி' உணர்த்த வேண்டும் என்று தொல்காப்பியத்தின் உரியியல் கூறுகிறது. தமிழின் அமைப்பும் இதற்குத் துணை நிற்கிறது: அறியாத சொல்லாயினும் அதன் ஈற்றில் 'ஐ' இருந்தால் செயலுக்கு உள்ளாகும் பொருள் என்றும், 'ஆல்' இருந்தால் கருவியோ காரணமோ என்றும் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம்.

படிப்பவரின் வாழ்வும் ஒரு குறிப்பே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் ஏன் கடலுக்குப் போவதில்லை என்பது இங்குள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரியும். ஆகவே தடைக்காலச் செய்தியில் வரும் 'இனப்பெருக்கம்' அவர்களைத் தடுப்பதில்லை.

ஆனால் சுற்றியுள்ள சொற்களே புரியாதபோது ஊகிக்க வழியில்லை. ஆங்கிலக் கதைப் பகுதியைக் கொண்டு ஹூ, நேஷன் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, பிறர் உதவியின்றிப் படித்துப் புரிந்துகொள்ள ஏறத்தாழ 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்றது. 'ஐ', 'ஆல்' போலச் சொல்லோடு சேரும் ஒட்டுகள் மிகுந்த தமிழுக்கு அந்த எண் அப்படியே பொருந்தும் என்று நான் கருதவில்லை. எனினும் வரிக்கு மூன்று சொற்கள் இடறினால் வேறு நூலைக் கொடுப்பதே நல்லது.

எனக்கு மிகுந்த கவலை தருபவை, தெரிந்தவை போலத் தோன்றும் சொற்கள். பழம்பாடலில் 'நாற்றம்' நறுமணத்தையும் குறிக்கும். பிள்ளைகளோ அங்கே நிற்காமலே கடந்துவிடுகிறார்கள். அந்த இடங்களில் மட்டும் நானே படிப்பை நிறுத்தி, பூவைப் பற்றிய வரியில் அந்தச் சொல் எப்படி வந்தது என்று கேட்டு, அவர்கள் ஊகித்த பிறகு அகராதியை எடுத்துக் கொடுக்கிறேன்.