ஓரத்தில் எழுதியது

"அப்ப மற்ற ரெண்டும் பாத்துக்கொண்டு நிக்கட்டோ, மிஸ்?"

பயிற்சிக்காகக் கிளினிக்கில் நின்ற என்னிடம் அந்த அம்மா இதைக் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கும் ஏதாவது பதில் வந்திருக்கும். நிறை பார்த்து முடிந்த பிள்ளைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார். பின்னால் வரிசையில் இருந்த தாய்மார் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதிதான் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிள்ளைக்கு 18 மாதம். கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு மூன்று மாதமாக 7.9 கிலோவிலேயே படுத்துக் கிடந்தது. மார்கழி மாதம், வாடைக்காற்று, கரைவலை இழுப்பு இல்லை. கடலை நம்பின வீட்டில் மார்கழி எப்படி இருக்கும் என்று திருகோணமலைக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நிறை கூடாத பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் சத்துமா, திரிபோஷா. அதைப் பற்றி நான் சொன்னது இதுதான்: "திரிபோஷாவை இவவுக்கு மட்டும் குடுங்க. மருந்து மாதிரி நினையுங்க."

கணக்குப்படி நான் சொன்னதில் பிழை இல்லை. மாதத்துக்கு இரண்டு பைக்கற், ஒன்று 750 கிராம். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 50 கிராம். சரியாக 30 நாள். சோளம், சோயா, பால்மா, மேலே சேர்க்கும் விற்றமின், கனிமச்சத்து எல்லாம் அந்த ஒரு பிள்ளையை நினைத்து அளந்தது. மூன்று பேர் தின்றால் பத்து நாளில் முடிந்துவிடும். இதை நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த 50 கிராமுக்குள் அண்ணன்மாருக்கு இடமே இல்லை என்பது, அந்த அம்மா கேட்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

மூத்தவனுக்கு ஆறு வயதிருக்கும். வாசலில் பைக்கற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அதற்குள் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்திருந்தான். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, விரலை நக்கி அதில் தொட்டு, முதலில் தங்கச்சியின் வாயில் வைத்தான். பிறகுதான் தன் கையை நக்கினான். அந்த ஒழுங்கை அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நான் "இவவுக்கு மட்டும்" என்று சொன்னது அந்த வீட்டைப் பார்த்து.

பிறகு படிவம். "மேலதிக உணவு பிள்ளைக்குக் கொடுக்கப்படுகிறதா?" என்று ஒரு கட்டம். நான் சரி போட்டேன்.

பொய் இல்லை, கொடுக்கத்தானே செய்கிறார் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பகிர்கிறார் என்று எழுதினால் அடுத்த மாதம் எல்லார் முன்னாலும் அவர் ஏச்சு வாங்குவார், அதன்பிறகு கிளினிக் பக்கமே வரமாட்டார் என்றும் நினைத்தேன். இரண்டும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் உண்மையில் அந்த அமைதியில் இருந்து வெளியே வரத்தான் அவசரமாகச் சரி போட்டேனோ என்ற சந்தேகம் போகவில்லை.

ஏனென்றால் அந்தச் சரி அங்கேயே நின்றுவிடவில்லை. சாப்பாடு போகிறது, நிறை கூடவில்லை என்றால் பார்க்கிற வைத்தியர் என்ன நினைப்பார்? உள்ளே ஏதும் நோயோ என்றுதான். பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரத்தம் எடுத்தார்கள். ஒரு நாள் கூலி போனது, பஸ் காசு போனது. ஒன்றும் இல்லை என்று வந்ததாம். ஒரு வரி நான் ஒழுங்காக எழுதியிருந்தால் அந்தக் குத்து தேவையில்லாமல் போயிருக்கலாம். இல்லை, பார்த்தது நல்லதுதானே, நோய் இருந்திருந்தால்? இப்படியே மாறி மாறி யோசிக்கிறேன்.

மிட்வைப் அக்காவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியாதா பிள்ளை? முக்கால்வாசி வீட்டில இதுதான். எழுதினா பைக்கற்றைக் கூட்டித் தருவாங்களா?" என்றார். இருபது வருடமாக அந்த ஒழுங்கைகளில் நடந்தவர். அவரோடு வாதாட எனக்கு என்ன தகுதி? ஆனாலும் நாங்கள் எல்லாரும் இப்படியே சரி போட்டுக்கொண்டு போனால், மேலே இருந்து பார்க்கிறவருக்குச் சாப்பாடு கொடுத்தும் பிள்ளைகள் தேறவில்லை என்றுதானே தெரியும்? அந்தச் சாப்பாட்டை மூன்று பேர் தின்கிறார்கள் என்பது எந்தத் தாளில் வரும்?

பயிற்சி முடியும் மட்டும், "என்ன குடுத்தனீங்க?" என்பதற்கு முதல், "வீட்டில சின்னாக்கள் எத்தனை பேர்?" என்று கேட்டுப் பழகினேன். அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. ஓரத்தில் "3 பேர்", "4 பேர்" என்று பென்சிலால் எழுதி வந்தேன். சரியான வழி கண்டுபிடித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

கடைசிக் கிளினிக்கில் ஒரு தாய் அதைக் கண்டுவிட்டார். என்ன எழுதினேன் என்று கேட்டார். சொன்னேன். சட்டென்று எட்டி அந்த இடத்தைக் கையால் மூடினார்.

"அத எழுதாதீங்க மிஸ். பிறகு இதையும் வெட்டிப் போடுவாங்க."

அப்படி வெட்டமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர் கையை எடுக்கவும் இல்லை.

அழித்துவிட்டேன்.