ஐந்து கிரெடிட்டுக்கும் முதல் வார்டுக்கும் நடுவே

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு, தாதியர் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். மாமா கேட்டது ஒரே கேள்வி: "அப்போ உன்னையும் மிசின்னுதான் கூப்பிடுவாங்களா?" நான் ஆண். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வட்டாரத்துப் பெரியவர்களுக்குத் தாதி என்றாலே மிசிதான். அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் சரியான பதில் இல்லை. வார்டில் சிலர் டாக்டர் என்கிறார்கள், சிலர் தம்பி என்கிறார்கள்.

மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம், வேறு இரண்டு பாடம் என ஐந்தில் கிரெடிட் எனும் நல்ல தேர்ச்சி, கூடவே ஆங்கிலத்தில் தேர்ச்சி. அது இருந்ததால் இடம் கிடைத்துவிட்டது. வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் நான் செய்ததில் பாதி வீண்.

வீணில் முதலிடம் ஸ்டெதஸ்கோப்புக்கு. பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தைப் போட்டு லிட்மன் வாங்கினேன். கல்லூரியின் செய்முறைப் பயிற்சி அறையான ஸ்கில் லேபில் கால் டஜன் ஸ்டெதஸ்கோப் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதைவிடக் கேவலம், காதில் மாட்டும் முனைகள் மூக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் திருப்பி மாட்டி, அம்மா கையில் ஒன்றுமே கேட்கவில்லை என்று இரண்டு வாரம் கவலைப்பட்டேன். அடுத்தது எலும்புகள். 206 எலும்பின் பெயரையும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். முதல் சோதனையில் வந்த கேள்வி, தொடை எலும்பு முறிந்தவரின் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் ஏன் விடாமல் பார்க்க வேண்டும் என்பது. வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் கசிந்து தேங்கலாம். எனக்கு ஃபீமர் என்று எழுத மட்டும்தான் தெரிந்திருந்தது.

நான் தள்ளிப்போட்டு மாட்டிக்கொண்டது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில். மலேசியாவில் 1989 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி ஊசி போடுகிறார்கள், என் தடுப்பூசிப் புத்தகத்திலும் மூன்று முறை போட்ட முத்திரை இருக்கிறது, அப்புறம் என்ன என்று நினைத்துவிட்டேன். குழந்தையில் போட்ட ஊசியின் எதிர்ப்பொருள் வயது ஏற ஏறக் குறையும். லிட்டருக்கு 10 அலகுக்குக் கீழே போனால் இன்னொரு ஊசி போட்டு, மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். எனக்குக் குறைந்திருந்தது. வகுப்பு தொடங்கிய பிறகு கிளினிக்குக்கும் கல்லூரிக்கும் அலைந்தேன். என் வகுப்பில் ஒரு பெண்ணிடம் புத்தகமே இல்லை. அவருக்கு முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என்று செமஸ்டரே ஓடிவிட்டது. இடம் கிடைத்த வாரமே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பி.டி.பி.டி.என். எனும் அரசு உயர்கல்விக் கடனுக்கு எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும், அதை முன்பே திறந்துவிடலாம். கடன் பணம் கைக்கு வருவதற்குள் சீருடை, வெள்ளைச் சப்பாத்து, நொடிமுள் உள்ள கடிகாரம் எல்லாம் வாங்கியாக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சப்பாத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடிகாரத்தைச் சட்டைப் பையில் குத்திக்கொள்ளச் சொன்னார்கள். முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. கை கழுவும்போது மணிக்கட்டும் கழுவப்பட வேண்டும், அங்கே ஈரம் தங்கினால் கிருமியும் தங்கும். பிரச்சினை, என் மணிக்கட்டில் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் கட்டிய கயிறு இருந்தது. தைப்பூசத்தன்று அம்மா நேர்ந்து கட்டியது. கத்தரிக்கோலை எடுத்தபோது அம்மா முகம் போன போக்கைப் பார்த்து நான் கீழே வைத்துவிட்டேன். கடைசியில் அவரே அவிழ்த்து அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

உண்மையில் எனக்கு உதவியது அத்தைதான். மருத்துவமனையில் அட்டெண்டனாக, அதாவது உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்ப்பள்ளியில் இதயம், இடைநிலைப்பள்ளியில் மலாயில் ஜந்தோங், கல்லூரியில் ஹார்ட் என்று மூன்று வரிசையில் சொற்களை எழுதி, பினாங்குப் பெர்ரிக் கப்பலில் போகும்போதெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். நோட்டை வாங்கிப் பார்த்த அத்தை, "வலிக்கு ஒரே ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கே" என்றார். அன்று மாலை தேநீர் ஆறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். கடுக்குது, குடையுது, சுருக்குனு குத்துது, எரியுது, விண்ணு விண்ணுனு தெறிக்குது, சுண்டி இழுக்குது. மலாய்க்காரப் பாட்டிகள் லெங்குஹ் என்றால் அசதி கலந்த வலி, பெடிஹ் என்றால் எரிச்சல், செனாக் என்றால் வயிறு இறுகிக் கிடக்கிறது. ஹொக்கியன் பேசும் சீனத் தாத்தா "தியா" என்று மட்டும்தான் சொல்வார், எங்கே என்று கையைக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். விரிவுரையாளர் வலியின் தன்மையை எழுதச் சொன்னபோது, விண் விண்ணுக்கு த்ராபிங், சுண்டி இழுப்பதற்கு கிராம்பிங் என்று எனக்குத் தானாக வந்தது. பாடப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் அப்போது படித்திருக்கவே இல்லை.

இன்னொன்றும் சொன்னார். "நம்ம ஆளுங்க நெஞ்சுல வாயு புடிச்சிருக்குன்னுதான் சொல்லுவாங்க. நீயும் வாயுன்னு எழுதிட்டு ஓமத்தண்ணி குடுத்துடாதே. ஓடிப்போய் பெரிய மிசிகிட்ட சொல்லு."

வெப்பநிலை, நாடி, ரத்த அழுத்தம், மூச்சு என்ற முக்கிய அளவுகளையும் அவரிடம்தான் எடுத்துப் பழகினேன். வெப்பநிலை சுலபம். நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100. ரத்த அழுத்தத்தில் காற்றை வேகமாக இறக்கிவிட்டு முதல் சத்தத்தைத் தவறவிடுவேன், நொடிக்கு இரண்டு மூன்று புள்ளி என்று மெதுவாக இறக்கக் கை பழக ஒரு வாரம் ஆனது. மூச்சு எண்ணுவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். "அத்தை, இப்போ மூச்சு எண்ணப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு வந்தது. பெரியவர்களுக்கு 12 முதல் 20 இருக்க வேண்டும். மறுபடி எண்ணினேன், முப்பது. பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டு எண்ணினா யாருடா ஒழுங்கா மூச்சு விடுவாங்க? நாடி புடிச்ச கையை எடுக்காதே. நாடிதான் பாக்குறேன்னு அவங்க நெனச்சிக்கிட்டு இருக்கட்டும். நீ நெஞ்சைப் பாத்து எண்ணு."

கையை மறுபடி நீட்டினார். பிடித்துக்கொண்டு வானிலையைப் பற்றி ஏதோ பேசினேன். பதினாறு.