கண்ணுக்கு ஒரு வரிசை, காதுக்கு ஒரு வரிசை

மலையேறப் போவதற்கான மெடிக்கல் ஃபிட்னஸ் சான்றிதழ் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்கு அஷர் சின்ட்ரோம், இரண்டாம் வகை. பிறந்ததிலிருந்தே காது மந்தம். பதின்வயதில் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்து, இப்போது குழாய்க்குள் பார்ப்பதுபோல நேரெதிரே இருப்பது மட்டும் தெரியும். இருட்டிவிட்டால் அதுவும் கிடையாது. மணாலிப் பக்கம் 5,289 மீட்டர் உயரமுள்ள ஃப்ரெண்ட்ஷிப் சிகரத்துக்குப் போகும் குழுவில் சேர ஆசை. பணம் கட்டுவது, பூட்ஸ் வாங்குவது, பரங்கிமலைப் படிகளில் பை சுமந்து பழகுவது எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன.

சிக்கல் தாளில்தான். குழு நடத்துபவர்கள் ஊனச் சான்றிதழும் டாக்டர் கையெழுத்தும் கேட்டார்கள். என்னிடம் இருந்தது பழைய சான்றிதழ், அதில் கண் மட்டும்தான். 2016ஆம் ஆண்டுச் சட்டம் செவி, பார்வை இரண்டும் சேர்ந்த குறைபாட்டைத் தனியாகவே குறிப்பிடுகிறது. ஆனால் நான் போன ஆஸ்பத்திரியில் கண் பிரிவு "காதுக்குப் போங்க" என்றது, காது பிரிவு "முதல்ல கண்ணு முடிச்சிட்டு வாங்க" என்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நீள வராந்தா, வெயில் காலம், ஃபேன் இரைச்சல். அந்த இரைச்சலில் என் காது மெஷின் வெறும் கரகரப்புதான். உதடு பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால் கவுண்டரில் இருந்தவர் மாஸ்க் போட்டுக்கொண்டு, குனிந்தபடியே என் தம்பியிடம் பேசினார். அவர் கேட்டதை அவன் என் உள்ளங்கையில் விரலால் எழுதினான்: "அவங்களுக்கு எதுக்கு சார் மலையெல்லாம்?" கேள்விக்குறியையும் சேர்த்துப் போட்டான், பாவி. நான் வாய்விட்டே பதில் சொன்னேன். அதற்கப்புறம் அவர் என்னைப் பார்த்துப் பேசினார்.

ஒரு எச்சரிக்கை: கண், காது இரண்டின் ஊனச் சதவீதத்தையும் அப்படியே கூட்டி வைத்துக்கொண்டு போகாதீர்கள். கண்ணுக்கு 60, காதுக்கு 45 என்றால் 105 ஆகாது. பெரிய எண்ணை 90இலிருந்து கழித்து, மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். 75 வரும். அரசு வழிகாட்டுதலில் இருக்கிற சூத்திரம்தான் இது. ஆனாலும் நாங்கள் எழுதிக் காட்டிய பிறகுதான் அங்கே கால்குலேட்டரை எடுத்தார்கள்.

அடுத்தது ஃபிட்னஸ். "காது போச்சுன்னா பேலன்ஸும் போயிருக்குமே" என்றார் டாக்டர். அஷர் முதல் வகையில் பெரும்பாலும் அப்படித்தான், இரண்டாம் வகையில் சமநிலை உறுப்பு நன்றாகவே வேலை செய்யும் என்றேன். நம்பவில்லை. காலைச் சேர்த்து, கண்ணை மூடி நிற்கச் சொன்னார். நின்றேன். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். அதுவும் ஆயிற்று. தம்பி பெருமையாக ஃபோட்டோ எடுத்தான். இதே வகைக்காரர்கள் யாராவது கிளம்பினால், இ.என்.டி.யில் சமநிலைப் பரிசோதனை செய்து ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அது இருந்தால் இந்த சர்க்கஸ் மிச்சம்.

குழு ஆட்களைச் சம்மதிக்க வைத்தது தனிக் கூத்து. 2025 மே மாதம் எவரெஸ்ட் ஏறிய சோன்சின் ஆங்மோவின் பெயரை அவர்களே எடுத்தார்கள். "ஆனா அவங்களுக்குப் பார்வை மட்டும்தானே இல்ல?" நியாயமான கேள்விதான். கண் தெரியாதவருக்கு வழிகாட்டி வாயால் சொல்லலாம், காது கேளாதவருக்குக் கையைக் காட்டலாம். சிகர நாளில் நள்ளிரவுக்கு மேல் கிளம்பும்போது எனக்கு இரண்டுமே உதவாது. ஹெல்மெட் மைக்கில் அழுந்தினாலே மெஷின் கீச்சென்று கத்தும், மீதியைக் காற்று விழுங்கிவிடும். அதனால் கயிற்றை ஒரு முறை இழுத்தால் நில், இரண்டு முறை என்றால் நட, தொடர்ந்து இழுத்தால் உட்கார் என்று வகுத்து, தோளில் தட்டும் குறிகளோடு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். "கண்ணைக் கட்டிக்கிட்டு, காதை அடைச்சுக்கிட்டு நீங்களே செஞ்சு பாருங்க" என்றேன். அவர்கள் ஆபீஸ் மொட்டை மாடியில் வழிகாட்டி ஒருவர் செய்தும் பார்த்தார். மறுநாள் என் பெயர் பட்டியலில் ஏறியது.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் முட்டுக்காட்டில் உள்ள என்.ஐ.இ.பி.எம்.டி.க்குப் போய்க் கேளுங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் அது. இரண்டு குறைபாடும் சேர்ந்தவர்களோடு பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். மெஷினுக்கான ஜிங்க்-ஏர் பேட்டரி குளிரில் சீக்கிரம் படுத்துவிடும், உபரியை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். இன்ஷூரன்ஸ்காரர்களிடமிருந்து மட்டும் இன்னும் பதில் இல்லை. திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்க வேண்டும்.