உவனின் சிறப்பு

"மூன்று கிலோ எழுநூற்று இருபது" என்று கடைக்கார ஐயா தராசின் சிவப்பு எண்ணைக் குனிந்து படித்தார். தராசில் இருந்தது பூசணிக்காய் இல்லை. என் மடிக்கணினியும் அதன் மின்னேற்றியும். பின்னால் கீரைப்பிடியோடு நின்ற அம்மா ஒருவர், "கிலோ என்ன விலை தம்பி?" என்று கேட்டார். பகிடியாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சந்திக் கடைத் தராசு வரை விடயத்தைக் கொண்டு போனவன் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. புதுக்குடியிருப்பில் இருக்கிறான். கல்யாண வீடியோ எடுத்து, வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது அவன் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவன், தேநீரைக் குடித்து முடிக்கும் முன்பே தொடங்கினான்.

"அத்தான், உங்களுடைய பெரியதை எனக்குத் தாருங்கள். என்னுடைய சின்னதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். புதியது. மேலதிகமாகக் காசு எதுவும் வேண்டாம்."

காசு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் எனக்கு வயிறு கலங்கும். அதுவும் இவன் சொன்னால் கட்டாயம் கலங்கும். முன்பும் ஒரு தடவை இவனோடு பண்டமாற்றுச் செய்தவன் நான். என் பழைய மண்ணெண்ணெய் நீரிறைப்பு இயந்திரத்தை வாங்கிக்கொண்டு, புத்தம் புதிய சின்ன இயந்திரம் ஒன்றைத் தந்தான். சத்தம் இல்லை, புகை இல்லை, ஒரு கையால் தூக்கலாம். மாசி, பங்குனி முழுவதும் அவனை வாழ்த்திக்கொண்டே மிளகாய்க்கு இறைத்தேன். ஆவணியில் கிணற்றுத் தண்ணீர் கீழே இறங்கியதும் அதற்கு மூச்சு முட்டியது. தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அது தந்தது. என் பழைய இயந்திரமோ இன்றும் அவன் தோட்டத்தில் அயலையே எழுப்பிக்கொண்டு இறைக்கிறது.

ஆகவே "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். ஆசை இல்லாமல் சொல்லவில்லை, அனுபவத்தால் சொன்னேன்.

என் பெரிய மடிக்கணினி 2017 இல் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினரின் பெட்டியில் வந்தது. திரை 17.3 அங்குலம். வந்த புதிதில் அயலில் உள்ள பிள்ளைகள் எல்லாம் கூடத்தில் பாய் விரித்து அதில்தான் படம் பார்த்தார்கள். மின்னேற்றியின் செருகியில் கனடாக்காரரின் இரண்டு தட்டைக் கால்கள். நம் சுவரில் இருப்பதோ மூன்று ஓட்டை. இடையில் ஒரு மாற்றுச் செருகி வேண்டும். அது இளகி விழாமல் இருக்க ஒரு இறப்பர் வளையம் வேண்டும். அந்த வளையத்தைப் பூனை எடுக்காமல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். மடிக்கணினி என்ற பெயரை இதற்கு வைத்தவர் இதை மடியில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார். பத்து நிமிடத்தில் தொடை வேகும், கால் விறைக்கும்.

நான் தமிழ் ஆசிரியன். வீட்டிலிருந்து பாடசாலைக்கு மோட்டார் சைக்கிளில் 14 கிலோமீற்றர். அதில் கடைசி மூன்றும் கிறவல் வீதி. வெயில் காலத்தில் செம்புழுதி, மாரியில் செஞ்சேறு. மழை நாட்களில் கணினியை யூரியாப் பைக்குள் போட்டுக் கட்டி, அதைத் தோள்பைக்குள் வைத்து முதுகில் சுமந்து போவேன். ஒவ்வொரு குழியிலும் முதலில் மோட்டார் சைக்கிள் இறங்கும், பிறகு நான் இறங்குவேன், கடைசியாக அந்த மூன்று கிலோ எழுநூற்று இருபது என் முள்ளந்தண்டில் இறங்கும். வைத்தியர் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தூக்குகிறீர்கள்? நெல் மூட்டையா?" என்று கேட்டார். "கல்வி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

முதுகின் கட்சி இது. கண்ணின் கட்சி வேறு. எனக்கு 51 வயது. இரண்டு வருடங்களுக்கு முன்பே படிக்கக் கண்ணாடி எழுதித் தந்துவிட்டார்கள். வாங்கினேன், அலுமாரிக்குள் பத்திரமாக வைத்தேன். கண்ணாடி போட்டால் வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளைகள் "தாத்தா" என்பார்கள் என்று ஒரு பயம். பெரிய திரை இருக்கும் வரையில் அந்தப் பயத்தைக் காப்பாற்ற முடிந்தது. எழுத்தைப் பெருப்பித்து வைத்தால் முற்றத்தில் நின்றே வாசிக்கலாம்.

அன்றிரவு மகளின் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு இரண்டையும் அளந்தேன். மச்சான் "பார்த்துக்கொண்டிருங்கள்" என்று தன்னுடையதையும் விட்டுப் போயிருந்தான். வியாபாரி என்றால் அவன்தான். அந்தச் சின்னது 14 அங்குலம். 30 சென்ரிமீற்றர் அடிமட்டம் அதன் திரையின் அகலத்துக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. பெரியதில் அடிமட்டம் முடிந்த பிறகும் என் நான்கு விரல் அகலம் மிஞ்சியது. திரையை மூலைக்கு மூலை அளந்து அங்குலம் சொல்லும் வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் ஒரு வியாபாரிதான். 17.3 என்றும் 14 என்றும் கேட்டால் சின்ன வித்தியாசம் போல இருக்கிறது. பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தேன்: சின்னது பெரியதில் பத்தில் ஏழு பங்குதான். என் காணியில் பத்தில் மூன்றை யாராவது வெட்டி எடுத்தால் நான் சும்மா இருப்பேனா?

ஆனால் நிறை? அது 1.3 கிலோ. மின்னேற்றி உள்ளங்கைக்குள் அடங்குகிறது. ஏழெட்டு மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் நிற்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தில் என் பெரியது இருபத்தைந்து நிமிடம் நின்றது. இன்னொரு பெரிய காரணமும் இருந்தது. விண்டோஸ் 10 க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 போடலாம் என்று பார்த்தால், இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறைச் செயலி தொடக்கமே ஏற்றுக்கொள்ளும். என்னுடையது ஏழாம் தலைமுறை. ஒரு தலைமுறையில் தவறிப் போனது. நம் ஊர்ச் சம்பந்தம் பேசுபவர்களை விடக் கறாரான கணக்கு.

மனைவியிடம் கேட்டேன். அவளுடைய கவலை வேறு. "எங்கள் கல்யாண டிவிடியை எதில் போட்டுப் பார்ப்பது?" சின்னதில் தட்டுப் போடும் வாசல் கிடையாது. உண்மைதான். ஆனால் அந்த டிவிடியை இத்தனை வருடத்தில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறோம். அதுவும் யார் யார் மொய் எழுதாமல் சாப்பிட்டார்கள் என்று பார்ப்பதற்காக. மச்சான் அதைப் பென்டிரைவில் ஏற்றித் தருவதாகத் தொலைபேசியில் சத்தியம் செய்தான்.

ஒரு கிழமை பரீட்சார்த்தமாக மாற்றிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அவன் பெரியதை மோட்டார் சைக்கிள் தாங்கியில் கட்டிக்கொண்டு புதுக்குடியிருப்புக்குத் திரும்பிப் போனான். அடுத்த நாள் காலை பையை முதுகில் போட்டபோது பை வெறுமையாக இருக்கிறதோ என்று இரண்டு தடவை திறந்து பார்த்தேன். கிறவல் வீதியில் பறந்தேன். குளக்கட்டில் நின்ற மயில் ஒன்று திரும்பிப் பார்த்தது.

செவ்வாய் இரவு தரம் எட்டுக்கான மாதப் பரீட்சை வினாத்தாளைச் சின்னதில் அடித்தேன். தலைப்பும் இலக்கணப் பகுதியும் பழைய கோப்பில் இருந்தவை. கடைசிப் பகுதியை மட்டும் புதிதாகச் சேர்த்தேன். நான் பாமினிக்காரன், அதாவது பாமினி என்ற தமிழ் விசையமைப்பில் அடிப்பவன். ஆங்கில 'ஓ' விசையை அழுத்தினால் ழ, ஷிப்டோடு அழுத்தினால் ழு. விரல்கள் தாமாகவே ஓடும், விசைப்பலகையைப் பார்ப்பதில்லை. திரையைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தேன்தான், ஆனால் எழுத்துக்கள் கடுகு போலத் தெரிந்தன. அலுமாரியில் கண்ணாடி இருந்தது, அலுமாரி பூட்டியிருந்தது, திறப்பு மனைவியிடம் இருந்தது, மனைவி நித்திரை. வகுப்பில் 34 பிள்ளைகள். அடுத்த நாள் காலை போட்டோப்பிரதி எடுத்துக்கொண்டு போனேன்.

வினாத்தாளைக் கொடுத்து ஐந்து நிமிடம் இருக்கும். முன் வாங்கில் ஒருவன் கை தூக்கினான்.

"சேர், உவன் என்றால் எவன்?"

"எந்த உவன்?"

"இந்த உவன்தான் சேர்."

வாங்கிப் பார்த்தேன். கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தேன். 'உழவனின் சிறப்புப் பற்றிக் கட்டுரை எழுதுக' என்று நான் அடித்தது, 'உவனின் சிறப்புப் பற்றிக் கட்டுரை எதுக' என்று இருந்தது. அதற்கு மேலே, 'உன்னிடம் உள்ள நல்ல பக்கங்கள் மூன்றை எதுக'. நான் கேட்டது நல்ல பழக்கங்களை. ழகரம் தாள் முழுவதிலும் பழைய பகுதியில் மட்டுமே உயிரோடு இருந்தது.

வேறு ஊர் என்றால் 'உவன்' என்பது அச்சுப்பிழை என்று தெரிந்துவிடும். வன்னியில் அது உயிருள்ள சொல். அவனுக்கும் இவனுக்கும் நடுவில் நிற்கும் உவனை நாங்கள் நாள்தோறும் கூப்பிடுகிறோம், ஏசுகிறோம். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. கரும்பலகையில் திருத்தி எழுதினேன். எழுதுவதற்குள் பாதிப்பேர் கட்டுரையைத் தொடங்கிவிட்டார்கள்.

இடைவேளையில் மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன். "ழ எங்கே?" என்று மட்டும் கேட்டேன்.

மறுமுனையில் நீண்ட அமைதி. பிறகு சொன்னான். ஆனி மாதத்திலிருந்தே அந்த விசை சரியில்லையாம். வீடியோ வெட்டி ஒட்டுவதற்கு ழ தேவைப்படவில்லையாம். அடுத்தடுத்து நான்கு கல்யாணங்களில் மாப்பிள்ளை, பெண் யார் பெயரிலும் ழ வராமல் பிள்ளையார் காப்பாற்றினாராம். ஐந்தாவது மணமகளின் பெயருக்கு நடுவில் ஒரு ழகரம் உட்கார்ந்திருந்தது. அல்பத்தின் முதல் பக்கத்தில் பொன் எழுத்தில் அந்தப் பெயர் ழ இல்லாமல் அச்சாகி, பெண்ணின் தாய்மாமன் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். மூன்று நாள் கழித்துத்தான் எங்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்திருக்கிறான்.

"உலகத்தில் ழகரம் இல்லாத கணினியைக் கொடுப்பதற்கு உனக்குத் தமிழ் வாத்தியார்தானா கிடைத்தார்?" என்றேன்.

"நீங்கள் கையால்தானே எழுதுவீர்கள் என்று நினைத்தேன் அத்தான்."

அன்று மாலை மேசை விளக்கின் கீழே கணினியை வைத்து, கண்ணாடியையும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். வகுப்பில் போகாத மானம் இனி வீட்டில் போய் என்ன? இந்தப் புதிய மெல்லிய கணினிகளில் விசை ஒரு மில்லிமீற்றர் சொச்சம்தான் கீழே இறங்கும். அதனால்தான் ஒன்று இறங்காமல் நின்றதை என் விரல் கண்டுபிடிக்கவில்லை. மகளின் நகவெட்டிக் கத்தியால் விசையின் ஓரத்தை மெல்ல நெம்பினேன். 'டிக்' என்று எழும்பியது. உள்ளே பிளாஸ்டிக் கத்தரிக்கோல் போன்ற ஒரு சின்னப் பொறி. அதன் இடுக்கில், செம்மண் நிறத்தில், மடிந்து காய்ந்து கிடந்தது ஒரு கச்சான் தோல், அதாவது நிலக்கடலைத் தோல். அதற்குப் பக்கத்தில் அரைக் கடுகளவு கச்சான் துண்டு.

மச்சான் வவுனியாவில் கல்யாணம் எடுத்துவிட்டு வான் வண்டியில் கிளிநொச்சிப் பக்கம் வரும்போதே வேலையைத் தொடங்கிவிடுவான் என்று மனைவி சொன்னாள். ஏ9 வீதியால் வரும் எந்த வானும் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி நிற்காமல் போவதில்லை. இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் சரை வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். பிள்ளையார் நான்கு கல்யாணம் காப்பாற்றினார் என்று அவன் சொன்னது சரிதான். கச்சானும் அவருடைய வாசலில் வாங்கியதுதான்.

ஊசி முனையால் தோலை எடுத்து, விசையைத் திரும்ப அழுத்தினேன். ழ. ழ. ழு. திரை முழுவதும் அடித்துப் பார்த்தேன்.

நான் சும்மா இருந்திருப்பேன். மனைவி அன்றிரவே தொலைபேசியில் "தம்பி, ழ வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டாள். இரத்த பாசம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முன்பே அவன் வந்து நின்றான். தாங்கியில் என் பெரியது, அதே யூரியாப் பையில். முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. "அத்தான், பெரியதைக் கல்யாண வீடுகளுக்குத் தூக்கிக்கொண்டு திரிய முடியவில்லை. உங்களுக்கும் சின்னது கண்ணுக்குக் கஷ்டம் என்று அக்கா சொன்னா. பேசாமல்…"

"நல்லது" என்றேன். "சின்னதைக் கொண்டு போ. போகிறபோது என் மண்ணெண்ணெய் இயந்திரத்தை எப்போது கொண்டு வருகிறாய் என்றும் சொல்லிவிட்டுப் போ. இது ஆவணி."

அவன் மனைவியைப் பார்த்தான். மனைவி தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றுவதில் அவ்வளவு கவனமாக அவள் இருந்து நான் கண்டதில்லை. அவன் தேநீரைக் குடித்தான், கல்யாண டிவிடியை வாங்கிக்கொண்டான், பெரியதைத் திரும்பவும் தாங்கியில் கட்டினான். கடையிலேயே வைத்து வெட்டி ஒட்ட அதைவிட நல்ல திரை கிடையாது என்று என்னைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். ஒரு பிள்ளை 'நல்ல பக்கங்கள் மூன்று' என்பதற்குப் பாடநூலைப் புரட்டிப் பார்த்தது போல 12, 47, 63 என்று எழுதியிருந்தாள். இலக்கணப் பகுதியை விட நேர்மையான விடை. முன் வாங்குக்காரன், நான் கரும்பலகையில் திருத்தியதைப் பொருட்படுத்தாமல், உவனைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். 'உவன் என் பக்கத்தில் இருக்கிறான். என் அழிறப்பரை எடுத்தால் திருப்பித் தரமாட்டான். மழை பெய்தால் தன் குடைக்குள் என்னையும் கூட்டிப் போவான். கேட்காமல் எடுப்பது உவனுடைய கெட்ட பழக்கம். கேட்காமல் தருவதும் உவனுடைய பழக்கம்.'

இருபதுக்கு பதினேழு போட்டேன். எல்லா ழகரமும் சரியாக இருந்தது.